வெளியிலிருந்து சர்வருக்கு வருபவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. சனிக்கிழமை இரவு 9 மணிக்கு நம் சர்வரின் 22-ஆம் போர்ட்டை (தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்எச் வாயில்) வெளியே மூடிவிடுகிறேன், அப்புறம் வயர்கார்டு என்ற விபிஎன் (மறையாக்கிய தனி இணைப்பு) வழியாக மட்டும்தான் உள்ளே வர முடியும். 10-இல் தொடங்கும் உள்முகவரிகள் இணையத்தில் நேரடியாகக் கிடைக்காது, அதனால் விபிஎன் போடாமல் "பிங் (இணைப்புச் சோதனை) போகவில்லை" என்று பதறாதீர்கள்.

1. வயர்கார்டு செயலியை நிறுவி, அது உருவாக்கும் இரு சாவிகளில் பொதுச் சாவியை மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். தனிச் சாவியை யாருக்கும் தராதீர்கள், எனக்கும்தான் (போன முறை ஒருவர் குழுவிலேயே போட்டுவிட்டார்!).
2. அலுவலக இணையத்தில் வயர்கார்டுக்கான யுடிபி 51820 போர்ட் தடுக்கப்பட்டிருக்கலாம். பார்த்துக்கொள்ளுங்கள்.
3. வீட்டு ரௌட்டர் தரும் முகவரிகளும் 10.0.0 என்றே தொடங்குகின்றனவா? விபிஎன் முகவரியோடு மோதும், முன்பே சொல்லுங்கள்.

வெள்ளி மாலைக்குள் சாவி வரவேண்டும். அனுப்பியவர்கள் இங்கே "அனுப்பியாச்சு" என்று போடுங்கள்.