பந்தலுக்கு ஒரு செய்தியாளரை அனுப்புங்கள்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்களில் ஒருவரின் இரவு விவாதத்தில் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். இரண்டு கட்சிப் பேச்சாளர்கள், ஒரு பொருளாதார வல்லுநர், ஒரு தொழிலதிபர். மெஷின் முன்னால் நின்று வேலை செய்கிறவர் ஒருவர்கூட இல்லை. ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்திருக்கிறது. அது பேச்சில் வரவே இல்லை. முதலீடு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடாதா என்று மட்டும் நெறியாளர் மூன்று தடவை கேட்டார்.

நான் சுங்குவார்சத்திரத்தில் குடியிருக்கிறேன். இங்குள்ள சாம்சங் ஆலையில் சங்க உரிமை கேட்டு 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் மாடியில் குடியிருந்த தம்பியும் அந்தப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்தார். அக்டோபர் 7-ஆம் தேதி தொழிலாளர்களில் ஒரு பகுதியினரோடு நிர்வாகம் ஒப்பந்தம் செய்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. வேலைநிறுத்தம் செய்தவர்களின் சங்கம் அதை ஏற்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டு டிவியில் ‘போராட்டம் முடிந்தது’ என்று ஓடியது.

அதைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து அவருடைய அம்மா போன் செய்தார். “நாளைக்கு ஷிப்ட்டுக்குப் போயிடுவியாப்பா? மாரியாத்தாவுக்கு முடிஞ்சு வச்ச காசைப் போட்டுட்டு வந்துடறேன்.” இன்னும் முடியவில்லை என்று தம்பி சொன்னார். அம்மா நம்பவில்லை. “டிவியிலேயே சொல்றாங்க, நீ ஏன்டா மறைக்கிறே, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?” என்று அழுதார். சம்பளம் நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மாவின் கம்மல் அடகில் இருந்தது. பெற்ற தாயிடம் தான் பொய் சொல்லவில்லை என்று அவர் நெடுநேரம் மன்றாடிக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு நாளுக்குள் போலீஸ் பந்தலைப் பிரித்துப் போட்டது.

சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வரி ஓடியிருக்காது. அதனால்தான் கேட்கிறேன்: ஒவ்வொரு செய்தி அறையிலும் தொழிலாளர் செய்திக்கென்று முழுநேரச் செய்தியாளர் ஒருவரை வையுங்கள்.

நீங்கள் மதச்சார்பின்மை பேசுகிறீர்கள், சமூக நீதி பேசுகிறீர்கள். ஒரு பத்திரிகையாளர் கைதானால் கருத்துச் சுதந்திரத்துக்காகக் குரல் கொடுக்கிறீர்கள், அதில் நானும் உங்களோடு நிற்கிறேன். ஆனால் உங்கள் சுதந்திரத்துக்கு ஆதாரமான, அரசியலமைப்பின் அதே 19-ஆவது பிரிவில்தான் சங்கம் வைக்கும் உரிமையும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த உரிமைக்காக 37 நாள் ரோட்டோரம் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகும் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2025 ஜனவரி கடைசியில்தான் சங்கம் பதிவானது. ஜனநாயகம் ஆலை கேட்டோடு நின்றுவிட வேண்டுமா? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றிராவிட்டால் அது இன்று சட்டமாகவே இருந்திருக்கும். எதிர்க்கட்சி ஆளும் மாநிலத்தில் நடந்தால் அடக்குமுறை, உங்களுக்குப் பிடித்த ஆட்சியில் நடந்தால் சட்டம் ஒழுங்கு என்று எழுதுவது எந்த நடுநிலை?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். தொழிலாளர் செய்தியாளர் ஒருவரை நியமியுங்கள், தொழிலாளர் சட்டம் பற்றிய விவாதத்தில் ஒரு தொழிலாளிக்கு நாற்காலி போடுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் காலை ஷிப்ட் முடியும் நேரத்துக்கு இங்கே ஆளை அனுப்புங்கள். பஸ் நிறுத்தத்து டீக்கடைக்கு நானே கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
சுங்குவார்சத்திரத்திலிருந்து உங்கள் நேயர்