கண்டெய்னர் வாங்கப் போனால் இஞ்ச் டேப் கையில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் சுங்கை பாக்காப் வாசகர் ஒருவர், டிராக்டரையும் தோட்டச் சாமான்களையும் வைக்கப் பழைய கப்பல் கண்டெய்னர் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். வாங்கியவர்கள் யாராவது எழுதுங்கள் என்றும் சொல்லியிருந்தார். நாங்கள் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. டிராக்டர் என் வீட்டுக்காரருடையது. அவர் ஸ்டீயரிங் பிடிப்பார், பேனா பிடிக்க மாட்டார். நான் தையல்காரி, வீட்டுக் கணக்கும் என் கையில்தான். அதனால் நானே எழுதுகிறேன்.

நிபோங் திபால் பக்கம் சின்னச் சின்னச் செம்பனைத் துண்டு வைத்திருப்பவர்களுக்கு இவர் குலை இழுத்துக் கொடுப்பார், புல் வெட்டுவார், காய்கறிப் பாத்திக்கு ரோட்டரிக் கலப்பை போட்டு உழுவார். டிராக்டர் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய சாய்ப்பில் நின்றது. ஒரு நாள் காலையில் பார்த்தால் பேட்டரி இல்லை. நான்கு மாதம் கழித்து ஹைட்ராலிக் குழாய்களையும், எஞ்சின் விசையை ரோட்டரிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போலீசில் புகார் கொடுத்தோம். புகார்த் தாள் இன்னும் என் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது. இரும்புப் பெட்டி வாங்கிப் பூட்டிவிடுவோம் என்று இவர் கிளம்பியது அதற்குப் பிறகுதான்.

20 அடிக் கண்டெய்னர் 5,800 வெள்ளி (ரிங்கிட்), கிரேன் லோரிக் கூலி தனி. விற்றவர் பெயர் வேண்டாம். பெட்டிக்குள் ஏழடி பத்து அங்குல உயரம் என்று தாளில் எழுதியே கொடுத்தார், அது பொய்யில்லை. எங்கள் டிராக்டர் மேலே வெயிலுக்குப் போட்ட தகரக் கூடாரத்தோடு ஏழடி எட்டு அங்குலம். கணக்குப்படி இரண்டு அங்குலம் மிச்சம். ஆனால் கதவு வாசலுக்கு மேலே குறுக்காக ஓர் இரும்பு உத்தரம் ஓடுகிறதே, அதற்குக் கீழே ஏழரை அடிதான். கிரேன் லோரி போன பிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்க, இவர் டிராக்டரை உள்ளே விட்டார். கூடாரம் உத்தரத்தில் மோதி நின்றது. நான் உள்ளே போய் ரவிக்கை அளவெடுக்கிற இஞ்ச் டேப்பை எடுத்து வந்து பிடித்துக் காட்டினேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை.

தெரியாதவர்களுக்காக அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண 20 அடிப் பெட்டியின் உள்நீளம் ஏறக்குறைய 5.9 மீட்டர், உள் அகலம் 2.35 மீட்டர். கதவுத் திறப்பு 2.28 மீட்டர் உயரம். ஹை கியூப் என்கிற ரகம் ஓர் அடி கூடுதல் உயரம், ஆனால் பழைய பெட்டிகளில் அது பெரும்பாலும் 40 அடி நீளத்தில்தான் கிடைக்கிறது. டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காப்பாற்ற மேலே வைத்திருக்கும் கம்பி மடக்குகிற மாதிரி இருந்தால் பிழைத்தீர்கள். எங்களுடையது மடங்கும். அதன் மேல் பற்றவைத்த கூடாரம் மடங்காது. கடைசியில் கூடாரத்தை அறுத்தெடுத்துவிட்டுத்தான் உள்ளே விட்டோம்.

உள்ளே விட்டதும் அடுத்த கூத்து. சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஓரோர் அடிதான் இடைவெளி. தீபாவளிக்கு முறுக்குத் தின்றே ஐந்து கிலோ கூட்டிக்கொள்ளும் மனிதர் வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோடு சுவராக வெளியே வந்தார். உள்ளே நிற்கும் டிராக்டருக்குக் கிரீஸ் அடிப்பது, ஆயில் பார்ப்பது எதுவும் நடக்காது. எஞ்சினை உள்ளே ஓடவிட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று யாரும் நினைக்கவே வேண்டாம், அந்தப் புகைக்குப் போக வழி கிடையாது.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். சிரிக்க முடியாதது இரண்டு மாதம் கழித்து வந்தது.

இவர் ஒரு நாள் விடிகாலையில் கதவைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார். முதல் நாள் ஒரு பொட்டு மழை இல்லை. உள்ளே கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சீட்டின் மேல் வெள்ளையாகப் பூசணம். கொக்கியில் மாட்டிய ஸ்பேனர்கள் எல்லாம் செம்மண் பூசிய மாதிரி. மூலையில் துணி சுற்றி வைத்திருந்த என் பழைய சிங்கர் மெஷினைப் பிரித்தேன். அம்மா தோட்டத்தில் பால் மரம் சீவிச் சேர்த்த காசில் வாங்கித் தந்த மெஷின் அது. பாபின் கேஸைத் திருகிப் பார்த்தால் அசையவில்லை. சக்கரத்தைச் சுற்றிய கையில் துரு ஒட்டிக்கொண்டு வந்தது.

கூரையில் ஓட்டை என்று இவர் ஏறிப் போய் சிலிக்கோன் பூசினார். விற்றவருக்குப் போன் போட்டால், "என் பெட்டி தண்ணீரும் புகாது, காற்றும் புகாது" என்று ஒரே பிடி. பெட்டிக்குள் நின்று, வெளியே ஒருவரைக் கதவைச் சாத்திப் பிடிக்கச் சொல்லி, எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் சொட்டியது.

அடுப்படியில் நிற்கும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இட்லிச் சட்டி மூடியைத் தூக்கினால் உள்பக்கம் சொட்டுமே, அதேதான். தோட்டத்துச் சேற்றோடு ஈர டிராக்டரைக் கொண்டுபோய் உள்ளே அடைக்கிறோம். பகல் வெயிலில் இரும்பு கொதிக்கிறது, சேற்றில், டயரில், பலகையில் இருக்கும் ஈரமெல்லாம் ஆவியாகிறது. ராத்திரி கூரைத் தகடு குளிர்ந்ததும் ஆவி அதில் ஒட்டித் தண்ணீராகிச் சொட்டுகிறது. காற்று புகாது என்று விற்றவர் பெருமையடித்தாரே, சொட்டியதற்குக் காரணமே அதுதான். பெட்டியின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒன்றிரண்டு காற்றுத் துளைகள் இருக்கும், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அவை போதவே போதாது. கப்பலில் காப்பிக்கொட்டை ஏற்றுகிறவர்கள் ஈரம் உறிஞ்சும் பைகளைக் கட்டித் தொங்கவிடுவது இதற்காகத்தானாம். நாங்களும் தொங்கவிட்டுப் பார்த்தோம். இரண்டு வாரத்தில் பை ஊறித் தண்ணீர்ப் பையாகிவிடுகிறது. வாங்கி மாளாது.

நான் பத்து காவான் தோட்டத்தில் வளர்ந்தவள். இன்று இரண்டாம் பாலம் வந்து இறங்கும் இடம், தொழிற்சாலைகளும் ஐகியாவும் நிற்கிற இடம். அங்கே டிராக்டர் கொட்டகைக்குச் சுவரே கிடையாது. உயரமான தூண், மேலே தகரம், நாலு பக்கமும் காற்று. அரைகுறையாகக் கழுவிவிட்டு நிறுத்தினாலும் விடிவதற்குள் காய்ந்துவிடும். கொட்டகையில் ஜாகா, அதாவது காவல்காரர், ஒருவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார், காலடியில் ஒரு நாய். நமக்கு ஜாகாவும் இல்லை, நாயும் மாத்திரை கலந்த கறியைத் தின்று தூங்கிவிடுகிறது.

ஆகவே இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி. கண்டெய்னர் ஒரு பக்கம். பன்னிரண்டு அடி தள்ளி இரும்புத் தூண்கள் ஒரு வரிசை. இரண்டையும் சேர்த்து மேலே ஒரே தகரக் கூரை, கண்டெய்னர் முதுகிலிருந்து ஓர் அடி தூக்கிப் போட்டது. டிராக்டர் நடுவில், கூடாரத்தைத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டு, காற்றாட நிற்கிறது. திருடன் தூக்கக்கூடிய பேட்டரி, குழாய், ஷாஃப்ட், ஸ்பேனர், புல் வெட்டும் மெஷின் மட்டும் பெட்டிக்குள். டிராக்டரின் முன் அச்சில் சங்கிலி. கூரை நிழல் விழுந்ததிலிருந்து பெட்டியின் சூடு பாதி குறைந்தது. ஒரு பக்கம் தாழவும் எதிர்ப்பக்கம் உயரவும் எலி நுழையாதபடி வலையடித்த காற்றுச் சன்னல் இரண்டு வைத்தோம். சொட்டுவது நின்றுவிட்டது.

சன்னலைக் கண்ட இடத்தில் அறுக்க என் மகன் விடவில்லை. அவன் பட்டர்வொர்த் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறான். கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது பாரம் முழுவதும் நாலு மூலைத் தூணில்தான் இறங்குமாம், மடிப்பு மடிப்பாக இருக்கிற பக்கச் சுவர் மெல்லிய தகடுதானாம். 1956இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்கிற லோரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி ஆரம்பித்த தொழில் இது என்று சாப்பாட்டு மேசையில் வகுப்பே எடுத்தான். பக்கச் சுவரில் பெரிதாக வாசல் வெட்டினால் சுற்றிலும் இரும்புச் சட்டம் பற்றவைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கூரை தொய்யும். மண்ணில் புதைப்பதும் ஆகாது, மண் சுவரை உள்ளே தள்ளிவிடும். கீழே கல் வைப்பதும் நாலு மூலைக்கு நேராகத்தான்.

அந்தக் கல் விஷயத்திலும் நாங்கள் பட்டோம். எங்கள் மண் களிமண். அக்டோபர் மழையில் முன்பக்க இடது மூலை இரண்டு அங்குலம் இறங்கியது. பெட்டி கோணினால் கதவு கோணும். அன்றைக்குப் பார்த்து அவசர வேலை. இவர் கதவோடு மல்லுக்கட்டி, கடைசியில் பாட்டில் ஜாக்கை மூலைக்கு அடியில் கொடுத்து எம்பிய பிறகுதான் திறந்தது. அப்புறம் நாலு மூலைக்கும் கான்கிரீட் போட்டோம். அதை முதலிலேயே போட்டிருந்தால் கூலி பாதி.

பலகைத் தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்க்லிப்ட் ஏறி இறங்குவதற்காகச் செய்த தரை, மினி டிராக்டரைத் தாங்கும். ஆனால் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மருந்து ஏற்றியிருப்பார்கள். கதவில் அறைந்திருக்கும் இரும்புத் தகட்டில் அதன் குறிப்பு இருக்கும். ஆட்டுத் தீவனம், விதை, அரிசி எதையும் அந்தத் தரையில் கொட்டி வைக்காதீர்கள். பெட்ரோல் டப்பாவும் உள்ளே வேண்டாம். வெயிலில் அடைத்துக் கிடந்த பெட்டியைத் திறந்தபோது குப்பென்று அடித்த வாசனை போதும், அன்றைக்கே வெளியே எடுத்துவிட்டேன்.

இன்னொன்று, பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் கவனியுங்கள். அந்தக் கதவுக்கு உள்ளேயிருந்து திறக்கக் கைப்பிடி கிடையாது. ஒரு மத்தியானம் நான் பெருக்கிக்கொண்டிருந்தபோது காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் கம்பி விழவில்லை, ரப்பர் மட்டும் இறுகிப் பிடித்துக்கொண்டது. கும்மிருட்டு, கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. தோளைக் கொடுத்து ஐந்தாறு முறை இடித்ததில்தான் வழிவிட்டது. இப்போது கதவைத் திறந்தால் முதல் வேலை, அதை வெளிச்சுவர்க் கொக்கியில் கட்டுவது.

கொண்டுவந்து வைக்கிற பெட்டிதானே, கட்டடமா என்ன என்று நாங்களும் நினைத்தோம். கூரை போட்ட மூன்றாம் வாரம் உள்ளாட்சி மன்றத்திலிருந்து ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். 1974ஆம் ஆண்டின் 133ஆம் சட்டத்தில், அதாவது சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில், கட்டடம் என்ற சொல்லுக்குள் குடிசை, கொட்டகை, கூரையிட்ட அடைப்பு எல்லாமே வந்துவிடுகின்றன. தற்காலிக அனுமதிக்கு நான் மூன்று முறை அலைந்தேன். ஒவ்வொரு முறையும் வேறொரு கவுண்டர், வேறொரு பாரம். வாங்குவதற்கு முன்பே போய்க் கேட்டுவிட்டால் ஒரு நடையாவது மிச்சம். நிலம் வாடகை என்றால் நிலக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்கர் மெஷின் இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பாபின் கேஸைக் கழற்றினேன், தைக்கிறது. சுங்கை பாக்காப் வாசகர் நேரில் பார்க்க விரும்பினால் தாராளமாக வரட்டும். என் எண்ணைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம் மட்டும் வேண்டாம், ரவிக்கைத் துணி கூரை முட்ட அடுக்கியிருக்கும்.

இப்படிக்கு,
டிராக்டர்காரர் வீட்டுத் தையல்காரி,
நிபோங் திபால், பினாங்கு