"கூகுளில் எடுத்தது" என்பது மூலம் ஆகாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் திருகோணமலை நகரப் பாடசாலையொன்றில் தரம் 10, 11 மாணவர்களின் வரலாற்று ஒப்படைகளைப் பார்வையிட அழைக்கப்பட்டிருந்தேன். உள்ளூர் வரலாறே தலைப்பு என்பதால் பெரும்பாலானோர் கோணேசர் கோயிலைப் பற்றியும் பிரட்றிக் கோட்டையைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். அடுத்தடுத்து நான் எடுத்த இரண்டு ஒப்படைகளில், போர்த்துக்கேயர் கோயிலை இடித்த ஆண்டு ஒன்றில் 1622 என்றும் மற்றதில் 1624 என்றும் இருந்தது. எழுதிய பிள்ளைகளை அழைத்து எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டபோது, இருவருமே "கூகுள்ல எடுத்தது ரீச்சர்" என்றார்கள்.

இரண்டு ஆண்டுகளையும் எழுதியவர்கள் உண்டு. ஆகவே எவரையும் பிழை என்று சொல்ல நான் வரவில்லை. இடிப்பைப் பற்றி அடிக்கடி எடுத்தாளப்படும் குவேறோஸ் பாதிரியாரின் நூலே, நிகழ்வுக்கு ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின் போர்த்துக்கேய மொழியில் எழுதப்பட்டது; நம்மில் பலர் அறிந்தது 1930இல் வெளியான அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான். யார், எப்போது, எதைப் பார்த்து எழுதினார் என்று தேடப் புகுந்திருந்தால், அந்த இரண்டு வருட வேறுபாடே அன்றைக்கு நல்லதொரு வரலாற்றுப் பாடமாகியிருக்கும். மூலம் தெரியாததால் பேச்சு அங்கேயே நின்றுபோனது.

வேறொரு ஒப்படையில் "வரலாறு [தொகு]" என்று ஒரு தலைப்பு இருந்தது. விக்கிப்பீடியாவைப் பார்த்தவர்களுக்கு அந்த "தொகு" எங்கிருந்து வந்தது என்று விளங்கும். வசனங்களின் முடிவில் [3], [7] என்ற இலக்கங்களும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன; அவை சுட்டும் அடிக்குறிப்புகள் மட்டும் இல்லை. உசாத்துணைப் பக்கத்தில் கூகுளின் முகவரி ஒன்றே எழுதப்பட்டிருந்தது.

பிள்ளையை மட்டும் நோவதில் பயனில்லை. தலைப்பை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு கொமினிகேசனுக்கு (இணையமும் அச்சுவசதியும் உள்ள கடைக்கு) போனால், கடைத்தம்பியே தேடி எடுத்து அச்சிட்டு, அட்டையும் போட்டுக் கொடுத்துவிடுகிறார். இணையப் பக்கத்தை நேரடியாக அச்சிட்டால் பெரும்பாலும் தாளின் ஓரத்தில் அதன் முகவரியும் அச்சிட்ட திகதியும் சிறிய எழுத்தில் விழும். அது வடிவில்லை என்று, விடயத்தை வேறு கோப்பில் ஒட்டி, அந்த வரியை நீக்கித்தான் தருகிறார்கள். பிள்ளைக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரே தடயம் அத்துடன் போய்விடுகிறது.

என்னையும் இதிலிருந்து விலக்கிக்கொள்ள மாட்டேன். பல நூல்களிலிருந்து நான் திரட்டித் தட்டச்சுச் செய்த குறிப்புகளை வருடக்கணக்காக வகுப்பில் விநியோகித்திருக்கிறேன். ஒன்றிலாவது நூலின் பெயரோ ஆசிரியரின் பெயரோ இருந்ததாக நினைவில்லை. "என்ப", "என்மனார் புலவர்" என்று முன்னோர் சொன்னதை முன்னோர் சொன்னதாகவே சொன்ன இலக்கண மரபைக் கற்பிக்கும் வகுப்பறைகளிலேயே இது நடந்தது.

இப்போது சட்ஜிபிடியும் சேர்ந்துகொண்டது. அது தந்த உசாத்துணைப் பட்டியலை ஒரு மாணவி காட்டினார். நூற்பெயர், ஆசிரியர், பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றுள் ஒரு நூலை இருவருமாகத் தேடினோம், எங்கும் கிடைக்கவில்லை. இத்தகைய செயலிகள் இல்லாத நூலையும் இருப்பது போலச் சொல்லக்கூடியவை என்பதை அந்தப் பிள்ளைக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

கற்பிக்க வேண்டியது பெரிய வித்தையல்ல. வாசிக்கும்போதே கொப்பியின் ஓரத்தில் எழுதியவர் பெயர், கட்டுரைத் தலைப்பு, தளத்தின் பெயர், முகவரி, பார்த்த திகதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளப் பழக்க வேண்டும்; எழுதி முடித்தபின் தேடினால் கிடைக்காது. விக்கிப்பீடியாக் கட்டுரை நாளுக்கு நாள் மாறக்கூடியது என்பதால் அங்கே திகதி மிக முக்கியம். அதன் கீழுள்ள மேற்கோள்களைப் பிடித்து மூலநூலுக்குப் போகவும் காட்டிக்கொடுக்கலாம். 2005 முதல் இயங்கும் "நூலகம்" என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆசிரியர், வெளியீட்டாண்டு போன்ற விபரங்களும் அங்கேயே தரப்பட்டிருக்கின்றன. படங்களுக்கும் இதுவே பொருந்தும். திருகோணமலைத் துறைமுகத்தின் படமொன்றை எவரோ வெயிலில் நின்று எடுத்திருக்கிறார். அவர் பெயரை எழுத ஒரு வரி போதும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கல்விக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது; ஆனால் பிறர் எழுத்தைத் தன்னுடையது போல ஒப்படைப்பதற்கு அது அனுமதி ஆகாது.

எனவே, பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் ஒப்படைகளுக்கு வழங்கும் புள்ளிகளில் ஒரு பகுதியையாவது மூலங்களைக் குறிப்பிடுவதற்கு ஒதுக்குமாறு வலயக் கல்வி அதிகாரிகளையும் ஆசிரிய ஆலோசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன். புள்ளி இல்லாத வேலையை நம் பிள்ளைகள் செய்ய மாட்டார்கள்; பெற்றோரும் செய்யவிட மாட்டார்கள். தவணையின் தொடக்கத்தில் ஒரு பாடவேளையை இதற்கென எடுத்து, வகுப்பு முழுவதும் ஒரே கட்டுரையின் மூலத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் செய்யலாம். ஆசிரியர்கள் வழங்கும் குறிப்புகளின் அடியிலும் எடுத்த நூலின் பெயர் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.