சாத்திய கதவு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக நீ தொலைபேசியை எடுக்கவில்லை. பணி நேரமாக இருக்கும் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

முதலில் உன் மேலங்கி. தீக்குப் போய்வந்த உடுப்பை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவராதே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் பட்டியலில் 2022இல் சேர்த்துவிட்டது என்று படித்ததிலிருந்து எனக்குச் சரியான உறக்கம் இல்லை. முகமூடி மூச்சைத்தான் காக்கும். கழுத்தில் படிந்த கரி தோல் வழியாக ஏறும். நிலையத்திலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வா.

உன்னுடன் வேலை பார்க்கும் பையன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், அவனைக் கோபித்துக்கொள்ளாதே. எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரில், தினமும் உனக்குக் கையசைத்த பெரியவரைத் தேடி எரியும் வீட்டுக்குள் நீ சுவரைத் தடவிக்கொண்டு தவழ்ந்து போனதையும், முதுகுச் சிலிண்டரில் காற்று குறைந்து மூச்சுக் கருவியின் ஊதல் அடித்ததும் திரும்பியதையும் சொன்னான். அரை மணி நேரத்துக்கு என்று கணக்கிட்ட சிலிண்டர், குழாயை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறவனுக்கு இருபது நிமிடம்கூட வராது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். ஊதலைக் கேட்டுத் திரும்பியவன் ஓடிவந்தவன் ஆகமாட்டான். நான் காட்டிய வேலைக்குப் போயிருந்தால் இதெல்லாம் உண்டா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனாலும் வண்டியருகே நீ நிற்கும் படத்தைப் பார்ப்பவர்களுக்கெல்லாம் காட்டுகிறவனும் நான்தான்.

வண்டி தாமதமாக வந்தது என்று ஊரில் பேசுகிறார்களாமே. எரிந்த அறையின் கதவை விரியத் திறந்து போட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள் என்பதை யாரும் பேசவில்லை. அப்படித் திறந்து கிடந்தால் காற்றை இழுத்துக்கொண்டு தீ சில நிமிடங்களில் ஓர் அறை முழுவதையும் பற்றும், புகை அதற்கு முன்பே வீட்டை நிரப்பிவிடும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நம் வீட்டில் தீப்பிடித்த அன்று, பக்கத்து அறையில் தூங்கும் உன்னைக் காக்க யோசித்துக் கதவைச் சாத்தினேன் என்று இத்தனை வருடமும் சொல்லிவந்தேன் அல்லவா? (இஸ்திரிப் பெட்டி விஷயம் வேறு, அதற்கு உன் அம்மா என்னை இன்னும் மன்னிக்கவில்லை.) உண்மையில், எரியும் மெத்தையைப் பார்க்கப் பயந்துதான் கதவை இழுத்துச் சாத்திவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். அம்மா வெளியே வந்து உன் பெயரைக் கூவிய பிறகுதான் நீ உள்ளே இருக்கிறாய் என்பதே நினைவுக்கு வந்தது. உன்னைத் தூக்கிவந்த தீயணைப்பு வீரர், “கதவைச் சாத்தியது யார்? பிள்ளை பிழைத்தது அதனால்தான்” என்றார். நான்தான் என்றேன். மறுநாள் பார்த்தேன்: கதவின் உட்புறம் கரிக்கட்டை, வெளிப்புறத்தில் நீ ஒட்டிவைத்திருந்த யானைப் படம் ஓரம்கூடச் சுருங்கவில்லை.

அந்தக் கதையைக் கேட்டுத்தான் நீ இந்த வேலைக்குப் போனாய் என்று எல்லாரிடமும் சொல்கிறாய். ஒவ்வொரு முறையும் நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஞாயிறு நான் அழைக்கப்போவதில்லை. உனக்கு முடிந்தபோது நீ அழை. அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாக இருந்தால் நல்லது, அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. மேலங்கியைத் துவைக்கப் போட்டாயா?

அன்புடன்,
அப்பா