காரில் தூங்குகிறவருக்கு ஒரு சாவி: மகளுக்கு எழுதிய கடிதம்

அன்புள்ள கயல்,

சனிக்கிழமை நீ சாப்பாடு பரிமாறும் இடத்துக்கு வருகிறவர்களில் ஒருவர், காரிலேயே தூங்கி எழுகிறவர், ஒரு காலத்தில் ராணுவத்தில் இருந்ததாகச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். அவருக்கு வீடு கிடைக்க என்ன வழி என்றும் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். எழுதிவிடுகிறேன், பக்கத்தில் வைத்துக்கொள்.

அமெரிக்காவில் வீடில்லாத முன்னாள் படைவீரர்களுக்கென்று தனி வழிகள் இருக்கின்றன. 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் அப்படிப்பட்டவர்கள் 32,882 பேர். 2010-ல் இருந்ததில் பாதிக்கும் குறைவு. அந்த வழிகள் வேலை செய்ததால்தான் இவ்வளவு குறைந்தது. ஆனாலும் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கும் நடுவழியில் ஆட்கள் தொலைந்துபோகிறார்கள். அங்கே போங்கள் என்கிறார்கள், போக பஸ் காசு இருக்காது. நாங்களே கூப்பிடுகிறோம் என்கிறார்கள், அவர் போனில் சார்ஜ் இருக்காது. உன்னால் வீடு வாங்கித் தர முடியாது, அப்படி வாக்கும் கொடுத்துவிடாதே. அடுத்த கை அவரைப் பிடித்துக்கொள்ளும்வரை உன் கையை விடாமல் இருந்தால் போதும்.

பேச்சை ஆரம்பிக்கும்போது "நீங்கள் வெட்டரனா?" என்று கேட்காதே. போர் முனைக்குப் போகாதவர்கள், பெண்கள், நல்லபடியாக வெளியே வராதவர்கள் பலர் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல் தங்களுக்கு உரியதில்லை என்பது அவர்கள் நினைப்பு. "எப்போதாவது தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரீன், கோஸ்ட் கார்டு, நேஷனல் கார்டு, ரிசர்வ் எதிலாவது இருந்தீர்களா?" என்று கேள். பிறகு எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எப்படி வெளியே வந்தார் என்று கேள். நேஷனல் கார்டு, ரிசர்வ் ஆட்களுக்குப் பயிற்சி நாட்கள் மட்டும் பெரும்பாலும் கணக்கில் வராது. ஆனால் தகுதி உண்டா இல்லையா என்று நீ தீர்ப்புச் சொல்லவேண்டாம், அது வி.ஏ.வின், அதாவது முன்னாள் படைவீரர் நலத்துறையின் வேலை.

அடுத்த கேள்வி, நேற்று இரவு எங்கே தூங்கினார் என்பது. பதிலைப் பொறுத்துக் கதவு மாறும். கார், தெரு, ஷெல்டர் என்றால் வீடற்றவர் என்ற கணக்கில் நேராக வந்துவிடுவார். நண்பர் வீட்டு சோபா என்றால் அப்படி வராது. 14 நாளுக்குள் அங்கிருந்து வெளியேறியாக வேண்டும் என்றால், வீட்டுக்காரரிடம் அதை எழுதி வாங்கவேண்டும். ஆஸ்பத்திரியிலோ சிறையிலோ 90 நாளுக்குள் இருந்துவிட்டு வந்தவர், அதற்கு முன் தெருவில் இருந்திருந்தால், கணக்கு அறுந்துபோகாது. உடல் அல்லது மனநலக் குறைபாட்டோடு தொடர்ந்து 12 மாதம், அல்லது 3 ஆண்டில் நான்கு தடவையாகச் சேர்த்து 12 மாதம் வெளியே இருந்தவருக்கு முன்னுரிமை உண்டு. அதனால் எந்த மாதம் எங்கே இருந்தார் என்று ஒரு நோட்டில் அவரோடு உட்கார்ந்து எழுது. நீங்கள் அவரை எந்தெந்தத் தேதியில் காரில் பார்த்தீர்கள் என்று உங்கள் அமைப்பின் தலைப்புத்தாளில் ஒரு கடிதம் கொடுத்தாலும் உதவும்.

பிறகு 877-424-3838-ஐக் கூப்பிடு. வீடற்ற படைவீரர்களுக்கான வி.ஏ.வின் இலவச எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். எண்ணை எழுதி அவர் கையில் கொடுத்து அனுப்பாதே. உன் போனில், ஸ்பீக்கரில், அவரைப் பேசவிட்டு நீ பக்கத்தில் இரு. விவரம் கேட்டுக்கொண்டு, பக்கத்து வி.ஏ. மருத்துவமனையின் வீடற்றோர் குழுவுக்குத் தகவல் அனுப்புவார்கள். அந்தக் குழு திருப்பிக் கூப்பிடும். பெரும்பாலும் இங்கேதான் அறுந்துபோகிறது. தெரியாத எண் என்று அவர் எடுக்கமாட்டார், அல்லது வாய்ஸ் மெயில் நிரம்பியிருக்கும். உன் எண்ணையோ அமைப்பின் எண்ணையோ இரண்டாவதாகக் கொடு. யாருக்கு அனுப்பினார்கள், எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள். இரண்டு மூன்று நாளில் தகவல் இல்லையென்றால் மருத்துவமனைக்கு நேரே கூட்டிப்போய் வீடற்றோர் திட்ட சோஷியல் வொர்க்கரைக் கேள். பேச்சின் நடுவே உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் வீட்டுப் பேச்சை நிறுத்திவிட்டு, நெருக்கடி உதவி எண்ணான 988 அழுத்தி, பிறகு படைவீரர்களுக்கான 1 அழுத்து.

டிஸ்சார்ஜ் பேப்பருக்காக எதையும் தள்ளிப்போடாதே. டி.டி.214 என்ற அந்தப் பேப்பர் இல்லாமலே, முழுப்பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் ஸ்குவேர்ஸ் என்ற கணினி வழியில் சேவை அமைப்புகளே தகுதியைப் பார்த்துவிடும். ஆனாலும் பின்னால் தேவைப்படும், அதனால் அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிடு. செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு ஆன்லைனிலோ எஸ்.எஃப்.180 படிவத்திலோ கேட்கலாம். அவசரம் என்பதையும் ஏன் என்பதையும் அதிலேயே எழுது. 1960-க்கு முன் தரைப்படையிலிருந்து வந்த முதியவர் என்றால், அவருடைய கோப்பு 1973 ஜூலை 12 தீ விபத்தில் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்துத் தரைப்படைக் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விட்டது. பயப்படவேண்டாம், சம்பளப் பதிவு போன்ற வேறு ஆவணங்களை வைத்துச் சான்று தருவார்கள்.

டி.டி.214 கைக்கு வந்தால் கீழ் மூலையைப் பார். 'மெம்பர்-4' என்று இருக்கவேண்டும். 'மெம்பர்-1' சுருக்கப் பிரதி, அதில் முக்கியமான கட்டங்கள் இருக்காது. 24-ம் எண் கட்டத்தில்தான் எந்த வகையில் விடுவித்தார்கள் என்று இருக்கும். 'அதர் தான் ஆனரபிள்' (நல்லபடியாக அல்லாத விடுவிப்பு) என்று அச்சாகியிருந்தால், எனக்கு எதுவும் கிடைக்காது என்று அவரே முடிவு கட்டி வைத்திருப்பார். அது தவறு என்று அவருக்கு எடுத்துச் சொல். 2021 ஜனவரியில் வந்த சட்டத்தால் ஹட்-வாஷ் என்ற வாடகை உதவித் திட்டத்தின் கதவும் அவர்களுக்குத் திறந்துவிட்டது, கீழே சொல்லப்போகும் மற்ற இரண்டு திட்டங்களும் அதற்கு முன்பே திறந்திருந்தன. டிஸ்ஆனரபிள் (அவமதிப்பான விடுவிப்பு), ஜெனரல் கோர்ட் மார்ஷல் எனும் ராணுவ நீதிமன்றத் தண்டனையால் வெளியே வந்தவர்களுக்குத்தான் மூடியிருக்கிறது. அந்த வகையையே மாற்றக் கேட்பதென்றால் 15 ஆண்டுக்குள் டி.டி.293, அதற்குப் பிறகு டி.டி.149 படிவம். அது நீண்ட வேலை, வீட்டை அதற்காகக் காக்கவைக்காதே.

கதவுகள் முக்கியமாக மூன்று. எஸ்.எஸ்.வி.எஃப். என்பது வி.ஏ. பணம் கொடுத்து உள்ளூர் அமைப்புகள் நடத்துவது. அட்வான்ஸ், சில மாத வாடகை, பழைய கரண்ட் பாக்கி, சாமான் ஏற்றும் செலவு எல்லாம் இதில் வரும். பணம் வீட்டுக்காரருக்கு நேரே போகும், அவர் கையில் கொடுக்கமாட்டார்கள். ஜி.பி.டி. என்பது 24 மாதம் வரை தங்கும் இடைக்கால இடம். கொஞ்சம் நிலைப்பட நேரம் வேண்டும் என்கிறவருக்கு நல்லது. நீண்ட கால உதவி ஹட்-வாஷ். ஹவுஸிங் அத்தாரிட்டி என்ற உள்ளூர் வீட்டு வசதி அமைப்பு வாடகையில் பங்கு கட்டும் வவுச்சர் தரும், வி.ஏ. ஒரு கேஸ் மேனேஜரைத் தரும். கழிவுகள் போக வருமானத்தில் 30 சதவீதம் அளவுக்கு அவர் கட்டுவார், மிச்சத்தை ஒரு வரம்பு வரை அத்தாரிட்டி கட்டும்.

ஹட்-வாஷுக்கு ஹவுஸிங் அத்தாரிட்டி வாசலில் போய் நிற்காதே. அங்கே சாதாரண வரிசையில் பெயரை எழுதிக்கொள்வார்கள், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். வி.ஏ. பரிந்துரைத்தால்தான் இந்த வவுச்சர். ராணுவக் காயத்துக்காக வரும் உதவித்தொகை அதிகம் என்று முன்பு சிலரைத் தகுதியில்லை என்று திருப்பினார்கள். 2024 ஆகஸ்டில் விதி மாறியது. இப்போது தகுதி பார்க்கும்போது அந்தத் தொகையைச் சேர்ப்பதில்லை, வாடகைப் பங்கு கணக்கிடும்போது மட்டும் சேர்ப்பார்கள். முன்பு திருப்பப்பட்டவர் யாராவது இருந்தால் மறுபடி கேட்கச் சொல்.

வவுச்சர் கிடைத்ததும் எல்லோரும் மூச்சு விடுவார்கள். எனக்குக் கவலை அங்கேதான் தொடங்கும். வீடு தேடக் குறைந்தது 120 நாள் தருவார்கள், நீட்டிப்பு வேண்டுமென்றால் காலம் முடியும் முன்பே எழுதிக் கேட்கவேண்டும். குற்றப் பதிவைப் பொறுத்தவரை, ஆயுள்காலப் பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் பெயர் இருப்பதைத்தான் மறுக்க அத்தாரிட்டி காரணமாக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் தன் பங்குக்குக் கிரெடிட்டையும் பழைய எவிக்‌ஷனையும் பார்ப்பார். நீ இருக்கும் கலிஃபோர்னியாவில் வவுச்சர் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்று 2020-லிருந்து சட்டம் இருக்கிறது. மறுத்தால் தேதி, முகவரி, சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்து வை. அவர் சொன்னதற்கு மாறாக விளம்பரத்தில் எழுதியிருந்தால் படம் எடுத்து வை.

வீடு பிடித்தாலும் அத்தாரிட்டி நடத்தும் இன்ஸ்பெக்‌ஷன் தேறும் முன் குடிபோகக்கூடாது. அதற்கு முந்தைய நாட்களுக்கு அத்தாரிட்டி பணம் தராது, முழு வாடகையும் அவர் தலையில் விழும். தேறாமல் போவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்: புகை அலாரத்தில் பேட்டரி இல்லை, ஜன்னல் பூட்டவில்லை, சிங்க் பக்கத்துப் பிளக் பாயின்ட் மின்கசிவில் தானே அணையும் வகை இல்லை, 1978-க்கு முன் கட்டிய வீட்டில் பெயின்ட் உரிந்திருக்கிறது. முந்தின நாள் வீட்டுக்காரரோடு ஒரு சுற்று நடந்து பார்த்தால் இரண்டு வாரம் மிச்சமாகும். "மேல் கொண்டு தனியாக 100 டாலர் கொடுங்கள்" என்று யாராவது கேட்டால் கொடுக்கவே கூடாது, அது விதிமீறல். கேஸ் மேனேஜரிடம் உடனே சொல்லச் சொல்.

இன்னும் வீட்டை இழக்காதவர்கள் வந்தால் நோட்டீஸ் வந்த அன்றே எஸ்.எஸ்.வி.எஃப். அமைப்பிடம் பேசவை. காலி செய்ய ஷெரிஃப் என்ற அதிகாரி வந்தபின் பேசிப் பயனில்லை. லீஸ், பாக்கி நோட்டீஸ், வருமானச் சான்று கையில் இருக்கட்டும். நீதிமன்றத் தாள் வந்திருந்தால் கலிஃபோர்னியாவில் 2025 முதல் பதில் போட 10 நீதிமன்ற நாள் உண்டு. உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறோமே என்று அந்தப் பதிலைப் போடாமல் விடுகிறவர்கள் வழக்கில் தோற்றுவிடுகிறார்கள். வி.ஏ. வீட்டுக் கடன் தவணை தவறியவர்களுக்கு எண் வேறு: 877-827-3702.

உதவித்தொகைக்கு இதுவரை விண்ணப்பிக்காதவர் என்றால் விண்ணப்பிக்கப் போகிறேன் என்று தெரிவிக்கும் 21-0966 படிவத்தை முதலில் போடச் சொல். முழு விண்ணப்பம் போடும்வரை அது அன்றைய தேதியை ஓராண்டு காப்பாற்றி வைக்கும். வீடில்லாதவர் என்று 20-10207 படிவத்தில் சொன்னால் முன்னுரிமையோடு பார்ப்பார்கள். அமெரிக்கன் லீஜன், டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ. போன்ற படைவீரர் சங்கங்களின் ஆட்கள் இதை இலவசமாகச் செய்து தருவார்கள். முதல் விண்ணப்பத்துக்கே பணம் கேட்கிறவரிடம் போகவேண்டாம். முகவரி இல்லையென்றால் முகவரியாக 'ஜெனரல் டெலிவரி' என்று போடலாம், தபாலை அவர் நேரே வந்து வாங்கும்வரை தபால் நிலையத்தில் 30 நாள் வரை வைத்திருப்பார்கள்.

பெண் படைவீரர் குழந்தையோடு வந்தால், ஆண்களுக்கான ஷெல்டருக்குப் போகச் சொல்லித் திருப்பிவிடாதே. எஸ்.எஸ்.வி.எஃப்., ஹட்-வாஷ் இரண்டும் குடும்பத்தையும் சேர்த்தே பார்க்கும்.

உன் ஊர் சான் டியேகோவில்தான் 1988-ல் முதல் 'ஸ்டாண்ட் டவுன்' நடந்தது. மருத்துவர், வக்கீல், வி.ஏ., துணிமணி எல்லாம் சில நாட்கள் ஒரே இடத்தில். இப்போது நாடு முழுக்க நடக்கிறது. அடுத்தது எப்போது என்று விசாரித்து வை, நடுவழியே இல்லாத இடம் அது.

இந்தச் சனிக்கிழமை போனதும் அவர் கார் நம்பர் பிளேட்டில் பதிவு ஸ்டிக்கரின் மாதத்தையும் ஆண்டையும் பார். காலாவதியாகி ஆறு மாதம் தாண்டியிருந்தால் கலிஃபோர்னியாவில் காரையே இழுத்துப்போகலாம். அவருடைய ஐ.டி., சோஷியல் செக்யூரிட்டி கார்டு, டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாம் அந்த டேஷ்போர்டுக்குள்தான் இருக்கும். அவர் அனுமதித்தால் ஒவ்வொன்றையும் படம் எடுத்து அவருடைய மெயிலுக்கே அனுப்பிவிட்டு, அதன்பிறகு போனை எடுத்து 877-424-3838 என்ற அந்த எண்ணைக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா