நடைக்குழு ஆண்டறிக்கை: ஒரே கிராமத்துக்கு மூன்று முறை

எல்லோருக்கும் வணக்கம். செயலாளர் அறிக்கை என்றால் எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் சந்தா தரவில்லை என்றுதான் தொடங்க வேண்டும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இந்த வருஷம் நாம் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான்: செக் தலைநகர் பிராகாவிலிருந்து கிளம்பி, நாட்டின் தெற்கே இருக்கும் தெற்கு பொஹிமியாவில் ஹொலஷோவிட்சே என்ற சின்ன கிராமத்துக்கு மூன்று முறை போய்வந்தோம். போன ஊருக்கே ஏன் திரும்பத் திரும்பப் போகிறோம் என்று கூட்டத்தில் கேட்டவர்கள் இதைப் படித்துவிட்டுச் சண்டை போடலாம்.

செஸ்கே புதெயோவிட்சே நகரத்துக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது ஊர். சுற்றிலும் வயல், அங்கங்கே குளம். தெற்கே பிளான்ஸ்கி லெஸ் காட்டு மலைகள், அதன் உச்சி க்ளேத், 1084 மீட்டர். முதல் முறை போனபோது க்ளேத்துக்கும் ஏறினோம், 1825இல் கட்டி முடித்த கல் கோபுரம் மேலே நிற்கிறது, வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸ் தெரியுமாம். எங்களுக்குத் தெரிந்தது மூடுபனிதான்.

ஊரின் நடுவே ஏறக்குறைய 210 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலத்தில் ஒரு புல்வெளித் திடல், அதில் ஒரு குளம், 1755இல் எழுந்த, செக் புனிதர் நேபொமுக் யோவானின் சிற்றாலயம். திடலைச் சுற்றி 23 பண்ணை வீடுகள், எல்லாம் திடலைப் பார்த்தபடி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகப்பு: ஒன்று குடும்பம் இருக்கும் வீடு, மற்றது தானியக் களஞ்சியம், நடுவில் வளைவான வாசல். வாசலைத் தாண்டினால் முற்றம், தொழுவம், அதற்கும் பின்னால் நீளநீளமாக நிலம். இந்த மனைப் பிரிவு இடைக்காலத்து அளவிலேயே இருக்கிறது, ஆனால் நாம் படம் எடுத்துத் தள்ளிய சுருள் அலங்கார முகப்புகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுப் பூச்சு. நகரத்தில் பரோக் என்ற, அலங்காரம் நிறைந்த கட்டடப் பாணி பழசாகி நூறு வருஷம் கழித்து கிராமத்துக் கொத்தனார்கள் அதைத் தங்கள் இஷ்டப்படி எடுத்துப் பூசியிருக்கிறார்கள். 1848இல் ஆண்டைக்குக் கூலியில்லாமல் உழைக்கும் கடமை ஒழிந்த பிறகு விவசாயி கையில் கொஞ்சம் காசு நின்றது, அது முகப்பில் தெரிகிறது என்பது என் எண்ணம்.

இரண்டாம் முறை போனபோதுதான் நம் குட்டி உறுப்பினர் ஒருத்தி, வயது ஒன்பது, "இந்த வீட்டைக் கட்டினவங்களோட பேரப்பசங்க எங்க?" என்று கேட்டாள். யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. அதற்காகவே மூன்றாம் முறை.

ஊரின் பெயர் எழுத்தில் முதலில் வருவது 1263இல். 1292இல் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இதை விஷ்ஷீ ப்ரோட்டில் இருக்கும் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவியர் மடத்துக்குக் கொடுத்தார், அதன்பின் ஏறக்குறைய 550 வருஷம் அந்த மடம்தான் ஆண்டை. 1520க்கும் 1525க்கும் நடுவில் பிளேக் வந்தது. இரண்டே பேர் மிஞ்சினார்கள் என்று சொல்கிறார்கள். மடத்துக்கு வரி வேண்டும், வரிக்கு ஆள் வேண்டும், அதனால் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஜெர்மன் பேசும் குடிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1530 பதிவேட்டில் 17 பேர். 1895இல் பார்த்தால் 157 ஜெர்மானியர், 19 செக்கர். ஆக, 'செக் கிராமத்து அழகு' என்று நாம் வியந்த முகப்புகளைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஜெர்மன் பேசியவர்கள்.

அப்புறம் நாஜி ஆக்கிரமிப்பு, போர். அது முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து சுமார் 30 லட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டபோது இந்த ஊர்க்காரர்களும் போனார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீட்டில் யார் புது ஜன்னல் வைப்பார்கள், யார் கூரையை இடித்து மாடி கட்டுவார்கள்? 1990க்குப் பிறகு புதுப்பிக்க ஆரம்பித்தபோது பழைய ஊர் அப்படியே இருந்தது, 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. குட்டிக்கு இதைச் சொன்னேன். "அப்ப யாரும் இல்லாததால காப்பாத்தினாங்களா?" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஒரு திருத்தமும் உண்டு. ஊருக்கு வெளியே நிற்கும் கல் வட்டத்தை, கெல்ட்டியர் என்ற பழங்கால ஐரோப்பிய மக்கள் காலத்தது என்று குழுவில் நான்தான் அனுப்பினேன். அது 2008இல் நட்டது. தொட்டுக் கும்பிட்ட அண்ணன் மன்னிக்கவும்.

சரி, நிர்வாகம். வார இறுதியில் அங்கே பேருந்து ரொம்பக் குறைவு. மூன்றாம் பயணத்தில் கடைசி வண்டி நேரத்தை நான் தப்பாகப் பார்த்ததால் எட்டு பேர் இருட்டில் பக்கத்து ஊர் வரை நடந்தோம், அக்கா கட்டி வந்த புளிசாதம் இல்லாவிட்டால் இந்த அறிக்கையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். ரயில் ரசீது இரண்டு தொலைந்துவிட்டது, பொருளாளருக்குத் தெரியும், கோபமாக இருக்கிறார். சந்தா பாக்கி ஐந்து பேர், பெயர் போடவில்லை.

அடுத்த வருஷம் விஷ்ஷீ ப்ரோட் மடத்துக்குப் போகலாம் என்று என் யோசனை. நேரம் பார்க்கும் வேலை மட்டும் வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.