பழைய மடிக்கணினி மீது பழி போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினிகளைக் கழித்துவிடலாம் என்ற பேச்சு சேலத்துக் கல்லூரி ஆய்வகங்களிலும் கேட்கிறது. அண்ணனோ அக்காவோ அரசிடம் வாங்கிய விலையில்லா மடிக்கணினியில் கிராபிக்ஸ் நிரல் எழுதப் பார்க்கும் மாணவருக்கு, ‘இது பழசு, இதில் ஓடாது’ என்ற பதில்தான் கிடைக்கிறது. பெரும்பாலும் குறை மடிக்கணினியில் இல்லை. எந்த நூலகத்தின் (நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு) எந்தப் பதிப்பு என்று எழுதித் தராத ஆய்வகக் கையேட்டில் இருக்கிறது.

பைத்தான் நிரல்மொழியில் படம் வரையப் பலரும் பயன்படுத்தும் பிக்லெட் என்ற நூலகத்தையே பாருங்கள். பதிப்பு எண் சொல்லாமல், பைத்தானின் நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவினால் 2-ஆம் வரிசை இறங்கும். அதற்கு ஓப்பன்ஜிஎல் (நிரல்கள் கிராபிக்ஸ் சிப்பிடம் வரையச் சொல்லும் பொது முறை) 3.3 பதிப்பு கட்டாயம். ‘2-க்குக் கீழ்’ என்று நிபந்தனை போட்டு நிறுவினால் 1.5 வரிசை வரும். அதற்கு ஓப்பன்ஜிஎல் 2.0 போதும். வேடிக்கை என்னவென்றால், ‘கிளேபிகின்’, ‘கிளேஎண்ட்’ என்று கோடு வரையும் பழைய பாடத்திட்ட நிரல்கள் புதிய பிக்லெட்டில் அப்படியே ஓடாது. அறுபதாயிரம் ரூபாய் கொடுத்துப் புதுக் கணினி வாங்கினாலும் அதே பிழைதான் வரும்.

2011-இல் வந்த இன்டெல் எச்டி 3000 கிராபிக்ஸ் சிப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விண்டோஸில் இதன் உச்சவரம்பு ஓப்பன்ஜிஎல் 3.1. விண்டோஸ் 10-க்கென்று இன்டெல் இதற்கு டிரைவரே (சிப்பை இயக்கும் மென்பொருள்) வெளியிடவில்லை. விண்டோஸ் அப்டேட் கொண்டுவந்து போடுவது விண்டோஸ் 8 காலத்து டிரைவர். சில நிரல்கள் அதை எட்ட முடியாமல் ‘ஜிடிஐ ஜெனரிக்’ என்ற மைக்ரோசாஃப்டின் ஓப்பன்ஜிஎல் 1.1 பதிப்பில் போய் விழுகின்றன. அதே இயந்திரத்தில் லினக்ஸ் இயங்குதளம் ஏற்றினால், மீசா என்ற திறந்தமூல டிரைவர் 3.3 வரை தருகிறது. பிக்லெட் 2-ம் ஓடும். எனவே முதலில் பரிசோதனை. லினக்ஸில் மீசா யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’, விண்டோஸில் ‘ஓப்பன்ஜிஎல் எக்ஸ்டென்ஷன்ஸ் வியூவர்’. ரெண்டரர், வெர்ஷன் என்ற இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும். ரெண்டரர் என்ற இடத்தில் ‘ஜிடிஐ ஜெனரிக்’ என்றிருந்தால் சிக்கல் டிரைவரில்.

விண்டோஸை விட முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. மீசாவின் விண்டோஸ் தொகுப்பை எடுத்து, ‘ஓப்பன்ஜிஎல்32’ டிஎல்எல் கோப்பைப் பைத்தான் எக்ஸ்இ (பைத்தானை இயக்கும் கோப்பு) இருக்கும் அதே ஃபோல்டரில் போட வேண்டும். விண்டோஸின் சொந்த ஃபோல்டரான சிஸ்டம்32-இல் கை வைக்கவே கூடாது. புதிய தொகுப்புகளில் ‘லிப்கேலியம்_டபிள்யூஜிஎல்’ என்ற கோப்பும் கூடவே போக வேண்டும். அதை விட்டுவிட்டு ‘டிஎல்எல் இருந்தும் ஓடவில்லை’ என்பவர்கள்தான் அதிகம். 32 பிட் பைத்தானுக்கு 32 பிட் மீசாதான். விர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு வேலைக்கென்று தனியாக ஒதுக்கிய பைத்தான் ஃபோல்டர்) வைத்திருந்தால் அதற்குள் போட்டுப் பயனில்லை: அங்கிருக்கும் பைத்தான் எக்ஸ்இ மூலப் பைத்தானை அழைத்துவிடும் வெறும் தரகர். மூலப் பைத்தானின் ஃபோல்டரில் போடுங்கள். இந்த வழியில் வரையும் வேலை முழுவதும் சிபியூ தலையில் விழும் என்பதால் சாளரத்தை 640க்கு 480 அளவில் வைத்துக்கொள்வது நல்லது. லினக்ஸில் மீசாவைப் பொய்யாக 3.3 என்று சொல்லவைக்கும் அமைப்பும் உண்டு. சிப்பில் இல்லாத வசதியை அது உண்டாக்காது. நிரல் திறக்கும், ஷேடர் (கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் சிறு நிரல்) வந்ததும் பிழையாகி நின்றுவிடும்.

ஷேடர் பாடத்தையும் ஓப்பன்ஜிஎல் 2.1-க்கு இறக்கலாம். முதல் வரியில் 330 என்பதை 120 ஆக்க வேண்டும். வெர்டெக்ஸ் (புள்ளிகளை அமைக்கும்) ஷேடரில் ‘இன்’ என்பது ‘ஆட்ரிபியூட்’, ‘அவுட்’ என்பது ‘வேரியிங்’. ஃபிராக்மென்ட் (நிறம் தரும்) ஷேடரில் ‘இன்’ என்பதும் ‘வேரியிங்’தான், நிறத்தை வெளியே தர ‘ஜிஎல்_ஃபிராக்கலர்’. ‘டெக்ஸ்ச்சர்’ சார்பு ‘டெக்ஸ்ச்சர்2டி’ ஆகும். ‘லேஅவுட்’ வரிகளை நீக்கிவிட்டு, இணைப்பு எண்களைப் பைத்தான் பக்கம் கொடுக்க வேண்டும். ஒரு ஆசிரியருக்கு ஒரு பிற்பகல் வேலை இது.

இன்டெல் ஜி31 மதர்போர்டு உள்ளவை போன்ற இன்னும் பழைய கணினிகள் விண்டோஸில் ஓப்பன்ஜிஎல் 1.4-ஐத் தாண்டாது. அவற்றை ஷேடர் பக்கம் இழுக்காமல் டர்ட்டில், பைகேம், மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் நூலகங்களைக் கொடுங்கள். இவற்றின் சாதாரணப் பயன்பாட்டுக்கு ஓப்பன்ஜிஎல் தேவையில்லை. பிளஸ் டூ பாடத்தில் வரும் வரைபடங்களுக்கு இதுவே தாராளம்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது சிறிய காரியம்தான். கையேட்டின் முதல் பக்கத்தில் பைத்தான் பதிப்பு, ஒவ்வொரு நூலகத்தின் பதிப்பு, தேவைப்படும் ஓப்பன்ஜிஎல் எண், 32 பிட்டா 64 பிட்டா என்பதை அச்சிடட்டும். சிக்னல் சரியாக எட்டாத சேர்வராயன் மலை ஊர்களிலிருந்து வரும் மாணவர்களுக்குத் தொகுப்புகளைப் பென் டிரைவில் கொடுத்தனுப்பலாம். ஆய்வகக் கணினியில் 64 பிட் பைத்தான் 3.12 இருக்க, மாணவரிடம் விண்டோஸ் 7-இல் 32 பிட் பைத்தான் 3.8 இருந்தால் (விண்டோஸ் 7-க்கு 3.8-தான் கடைசி), ஆய்வகத்தில் இறக்கிய ‘நம்பை’ (கணக்கீட்டு நூலகம்), பைகேம் கோப்புகள் ஏற்காட்டில் நிறுவப்படாது. ‘பிப் டவுன்லோட்’ கட்டளையில் பிளாட்ஃபார்ம், பைத்தான் பதிப்பு, ‘ஒன்லி பைனரி’ ஆகிய மூன்றையும் மாணவரின் கணினிக்கு ஏற்பக் கொடுத்து இறக்கினால்தான் பொருந்தும்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.